பச்சிளங்குழந்தையின் மறுமொழி

பிறந்து சில மணிநேரமே ஆன குழந்தை தன்னைச் சூழ்ந்த உலகை எவ்வாறு உணர்கிறது என்னும் வினாவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலை உளவியல் தந்த விடை மிகச் சுருக்கமானது: ஒளியும் ஒலியும் மணமும் தொடுகையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாத ஒரே இரைச்சலாக அக்குழந்தையின்மேல் வந்து மோதுகின்றன என்பதே அது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் பெருநூலில் இக்கருத்தை எடுத்துரைத்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பெரிதும் அசைக்கப்படாமலே நின்றது. பச்சிளங்குழந்தை என்பது உறங்கும், அழும், பாலருந்தும் ஓர் உடல் மட்டுமே என்றும், அறிவு என்று சொல்லத்தக்கது பின்னரே வந்து சேர்கிறது என்றும் கற்றவர் பலரும் நம்பினர்.

இந்த நம்பிக்கை பிழையானது என்று இன்று தெளிவாகிவிட்டது. எனினும் அப்பிழை எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வது, பிழையைச் சுட்டுவதைக் காட்டிலும் பயன் மிக்கது. குழந்தை பேசாது, விரல் நீட்டிக் காட்டாது, சொன்னதைச் செய்யாது. வளர்ந்தவர்களை அறிவதற்கான வழிகள் எவையும் அதனிடம் செல்லாதபோது, விடை வராததையே அறியாமைக்குச் சான்றாக அறிஞர்கள் எடுத்துக்கொண்டனர். 1960களுக்குப் பிறகு நிகழ்ந்த மாற்றம் குழந்தையிடத்தில் அன்று, கேட்கும் முறையில் நிகழ்ந்ததாகும். பிறந்த குழந்தையால் இயலும் செயல்கள் சிலவே: அது உறிஞ்சும், கண்ணைத் திருப்பும், தலையைச் சாய்க்கும், அதன் இதயத் துடிப்பு கூடும், குறையும், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதில் நாட்டம் இழந்து, புதியது வரும்போது மீண்டும் கிளர்ச்சி கொள்ளும். இச்செயல்களுள் ஒன்றால் விடையளிக்கத்தக்க வகையில் வினாவை அமைத்தபோது, பச்சிளங்குழந்தை தொடர்ந்தும் தெளிவாகவும் மறுமொழி கூறத் தொடங்கியது.

இதற்குச் சிறந்த சான்று, அமெரிக்காவின் வட கரோலினாவில் அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வு. பிறந்து மூன்று நாள்களுக்குள் இருந்த பத்துக் குழந்தைகளின் வாயில் பால் வராத ரப்பர் காம்பு வைக்கப்பட்டது. குழந்தைகள் தொடர்ந்தாற்போல் உறிஞ்சுவதில்லை. சிலமுறை உறிஞ்சிச் சற்று நிறுத்தி, மீண்டும் உறிஞ்சுகின்றன. இந்த இடைவெளி வழக்கத்தைவிட நீண்டால் ஒரு குரலும், குறுகினால் மற்றொரு குரலும் காதில் ஒலிக்குமாறு கருவி அமைக்கப்பட்டிருந்தது. ஒன்று அக்குழந்தையின் தாயின் குரல், மற்றது வேறொரு பெண்ணின் குரல். இரண்டும் ஒரே கதையை வாசிப்பவை. குழந்தைகளுள் பெரும்பாலானவை, தாயின் குரல் எந்த இடைவெளிக்குக் கிடைக்கிறதோ அதற்கேற்பத் தம் உறிஞ்சலை மாற்றிக்கொண்டன. பிறந்தது முதல் தாயோடு அவை கழித்த நேரமோ சில மணிகளே. ஆகவே இந்த அறிமுகம் பிறப்புக்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர்.

அம்முடிவை உறுதி செய்ய, டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் கருவுற்ற தாய்மார்களைக் கடைசி ஆறு வாரங்களில் ஒரே சிறுவர் கதைப் பகுதியை நாள்தோறும் உரக்கப் படிக்கச் செய்தனர். 1986இல் வெளியான அவ்வாய்வில், பிறந்த குழந்தைகள் அதுவரை கேளாத பகுதியைவிடக் கருவில் கேட்ட பகுதியையே நாடின. படிப்பவர் வேறொரு பெண்ணாக இருந்தபோதும் இது மாறவில்லை. குழந்தை பொருளை அறிந்தது என்று இதற்குக் கருத்தில்லை. செவியின் உட்பகுதியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் செவிச்சுருள் கருவின் ஆறாம் மாதமளவில் இயங்கத் தொடங்குகிறது. பனிக்குட நீரும் தாயின் வயிற்றுத் தசையும் உச்ச ஒலிகளை மழுக்கிவிடுவதால் எழுத்தொலிகளின் நுட்பம் கருவை எட்டுவதில்லை. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கமும் தாள நடையும் தடையின்றிச் செல்கின்றன, அதிலும் தாயின் குரல் அவளுடைய எலும்புகள் வழியாகவும் உள்ளே இறங்குகிறது. குழந்தை நினைவில் கொண்டது இந்த நடையைத்தான். பிறந்து நான்கு நாளான பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சு மொழியை ரஷ்ய மொழியிலிருந்து பிரித்தறிவதை ழாக் மெலேரும் அவர் குழுவினரும் 1988இல் காட்டியதும், பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரிதும் ஏறுமுகமாகவும் ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இசைப்பதை வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2009இல் பதிவு செய்ததும் இதே உண்மையின் வேறு முகங்கள். இங்கே தந்தையரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: பிறந்த குழந்தை தந்தையின் குரலை வேறோர் ஆணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது, ஆனால் அதன்மேல் தனி விருப்பம் காட்டுவதில்லை. அவ்விருப்பம் பிறப்புக்குப் பின் பேசிப் பேசி ஈட்டவேண்டிய ஒன்று.

செவிக்கு அடுத்து, சொல்லப்போனால் செவியினும் முன்னதாக, குழந்தையை வழிநடத்துவது மூக்கு. 1975இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஐடன் மெக்ஃபார்லேன், குழந்தையின் முகத்தின் இருபுறமும் தாயின் மார்பில் இருந்த பஞ்சுத்துணி ஒன்றையும் வேறொரு தாயினுடையதையும் வைத்து நோக்கினார். இரண்டாம் நாளில் வேறுபாடு காட்டாத குழந்தைகள், ஆறாம் நாளில் தம் தாயின் துணியின் பக்கமே கூடுதலாகத் திரும்பின. பின்வந்த ஆய்வுகள் கதையை இன்னும் பின்னோக்கி நகர்த்தின. பனிக்குட நீரின் மணத்தையும் பிறந்த குழந்தை அறிந்திருக்கிறது. கருவுற்ற நாள்களில் சோம்பு வகை மணமுள்ள உணவை உண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்ததும் அம்மணத்தை நாடின என்று பெனுவா ஷாலும் உடன் ஆய்வாளரும் 2000இல் பிரான்சில் கண்டனர். தாயின் உணவு பனிக்குட நீருக்கும், பின்னர் தாய்ப்பாலுக்கும் தன் மணத்தைக் கொடுப்பதால், வீட்டுச் சமையலின் முதல் அறிமுகம் கருவறையிலேயே தொடங்குகிறது என்று கொள்ள இடமுண்டு.

இந்த மணத்துணையின் பயனைப் பிறந்த முதல் மணிநேரத்தில் கண்கூடாகக் காணலாம். துடைத்து உலர்த்திய குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மேல் குப்புறக் கிடத்தினால், அது முதலில் அசையாமல் கிடந்து, பின் கண் திறந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், கால்களால் உந்தி, மெல்ல மெல்ல மேலேறி, எவர் உதவியுமின்றி முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் சுரப்பிகள் பனிக்குட நீரை ஒத்த மணத்தைத் தருவது இப்பயணத்துக்கு வழிகாட்டுவதாகக் கருதப்படுகிறது. கழுவிய மார்பையும் கழுவாத மார்பையும் ஒப்பிட்ட ஆய்வில் பெரும்பாலான குழந்தைகள் கழுவாததையே தேர்ந்தன. சுவீடனில் லென்னார்ட் ரிகார்டும் மார்கரெட் அலாடேயும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுபக்கமும் உண்டென்று உணர்த்தியது: பிறந்த இருபது நிமிடங்களில் எடைபோடவும் அளக்கவும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளுள் பல சரியாகப் பாலருந்தத் தவறின, பிரசவ வேதனைக்காகத் தாய்க்குத் தரப்பட்ட பெத்திடின் மருந்தின் மயக்கம் அதை மேலும் மோசமாக்கியது.

தமிழ்க் குடும்பங்கள் இவ்வாய்வுகளைக் கருத்தூன்றிப் படிக்கக் காரணம் உண்டு. பிறந்தவுடன் குளிப்பாட்டிவிடுவதும், தாய்ப்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டுச் சேனை வைப்பதும், மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் எனப் பீச்சிக் கொட்டுவதும் அன்பினால் செய்யப்பட்டவையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதலாவது குழந்தை அறிந்த மணத்தை அழிக்கிறது. இரண்டாவது அதன் பசியையும் தேடலையும் மழுக்குகிறது, தேனாயின் நஞ்சூட்டும் நுண்ணுயிரியின் வித்துகளையும் கொண்டுவரக்கூடும். மூன்றாவது முதல் நோயெதிர்ப்பு மருந்தையே வீணாக்குகிறது. குளியலை 24 மணிநேரம் தள்ளிவைக்குமாறும், ஒரு மணிநேரத்துக்குள் தாய்ப்பால் தருமாறும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

பார்வை, பிறந்தபோது புலன்களுள் மிகக் குறைவாக முதிர்ந்தது. கண் மருத்துவர் 6/6 எனக் குறிக்கும் நல்ல பார்வையோடு ஒப்பிட்டால், பிறந்த குழந்தையின் கூர்மை ஏறத்தாழ 6/120ஐ ஒட்டியது எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அதாவது நல்ல பார்வையுடையவர் 120 மீட்டர் தொலைவில் காணும் நுட்பத்தைக் குழந்தை 6 மீட்டரில்தான் காணும். விழித்திரையின் நடுவிலுள்ள கூர்நோக்குப் பகுதி இன்னும் வளர்ந்து முடியாததே காரணம். எனினும் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவை ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. பாலூட்டும் தாயின் முகம் இருப்பதும் அத்தொலைவில்தான். ராபர்ட் ஃபான்ட்ஸ் 1963இல், பிறந்து பத்து மணிநேரம் முதல் ஐந்து நாள் வரையான குழந்தைகளும் வெறும் நிற வட்டங்களைவிட உருவங்கள் வரைந்த வட்டங்களையே நெடுநேரம் நோக்குவதைக் காட்டினார். பிறந்து ஏறத்தாழ ஒன்பது நிமிடமே ஆன குழந்தைகள், கண் மூக்கு வாய் உரிய இடத்தில் அமைந்த அட்டையை நகர்த்தியபோது, அவை கலைந்திருந்த அட்டையைவிடக் கூடுதலாகத் தலையையும் கண்ணையும் திருப்பிப் பின்தொடர்ந்தன என்பது 1975இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின் செய்தி. முகம் என்பதன் பொது வடிவத்துக்கு ஒரு நாட்டம் உடன்பிறந்தது என்றும், இன்னார் முகம் என்ற அறிவு நாள்தோறும் கண்டு கற்பது என்றும் மார்க் ஜான்சனும் ஜான் மார்ட்டனும் விளக்கம் தந்தனர்.

இயக்கத்துக்கு வரும்போது பழைய கருத்து இன்னும் வலுவாக நின்றது. பச்சிளங்குழந்தையின் அசைவுகள் யாவும் அனிச்சைச் செயல்கள், அதாவது தூண்டல் பட்டதும் மனத்தின் பங்கின்றித் தாமே நிகழும் தசைவினைகள், என்றே கொள்ளப்பட்டன. அத்தகைய செயல்கள் உண்மையில் பல. கன்னத்தைத் தொட்டால் அப்பக்கம் வாய் தேடுவதும், உள்ளங்கையில் விரல் வைத்தால் பற்றுவதும், தலைக்குத் தந்த தாங்கல் திடுமெனத் தளர்ந்தால் கைகளை விரித்துப் பின் அணைப்பதுபோல் மடக்குவதும் மருத்துவர் அன்றாடம் சோதிப்பவை; கடைசியாகச் சொன்னதை ஹைடல்பர்க் நகரின் எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விவரித்தார். ஆனால் தேடும் வாய்கூட வெறும் பொறியன்று. பிறந்த ஒரு நாளுக்குள் இருந்த குழந்தைகள், பிறர் விரல் கன்னத்தில் பட்டபோது வாயைத் திருப்பித் தேடிய அளவுக்குத் தம் சொந்தக் கை பட்டபோது தேடவில்லை என்று ஃபிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் 1997இல் கண்டனர். தன்னுடல் எது, பிறவுடல் எது என்னும் வேறுபாட்டின் முதற்சுவடு அங்கே தெரிகிறது.

நிற்க வைத்துத் தாங்கினால் அடியெடுத்து வைப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி அசைக்கும் செயல் இரண்டு மாதமளவில் மறைந்துவிடும். மூளையின் மேற்பகுதி முதிர்ந்து அதை அடக்கிவிடுவதே காரணம் என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. எஸ்தர் தெலன் 1984இல் செய்தது எளிய சோதனை: அவ்வாறு அடியெடுத்து வைப்பதை நிறுத்திய குழந்தைகளை மார்பளவு நீரில் நிறுத்தினார், அடிவைப்பு திரும்பி வந்தது. கால்களில் கொழுப்பு சேர்ந்து எடை கூடியதும், அதைத் தூக்கும் வலு தசைக்கு இல்லாததுமே மறைவுக்குக் காரணம் என்று தெரிந்தது. இதற்கு இணையான அழகுடையது ஆட்ரி வான் டெர் மேயர் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு. மல்லாந்து கிடந்த பச்சிளங்குழந்தைகளின் மணிக்கட்டில் சிறு எடைகளைக் கட்டிக் கையைக் கீழ்நோக்கி இழுத்தபோது, காண முடியாத கையைக் குழந்தைகள் விட்டுவிட்டன. நேராகவோ திரையில் படமாகவோ காண முடிந்த கையை இழுவிசைக்கு எதிராக உயர்த்தியே வைத்திருந்தன. காரணமின்றிக் கையை ஆட்டுகிறது என்று காண்போர் நினைக்கும் நேரத்தில், குழந்தை தன் கையைக் கண்ணோடு பழக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ் மரபு குழந்தையின் அசைவுகளைக் கூர்ந்து நோக்கிய மரபு. தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை எனப் பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்கள் வளர்ச்சியின் படிகளோடு பெரிதும் பொருந்துகின்றன. ஆயினும் பாட்டியல் நூல்கள் பொதுவாக மூன்றாம் திங்களை ஒட்டிய காப்புப் பருவத்திலிருந்தே எண்ணத் தொடங்குவதால், முதல் சில வாரங்கள் கணக்கில் வராமலே போயின. அவ்வாரங்களின் அசைவைத்தான் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஹைன்ஸ் பிரெக்டல் வாழ்நாள் முழுதும் நோக்கினார். தூண்டல் ஏதுமின்றி உடல் முழுவதும் தானே எழுந்து ஓடும் அசைவுகளின் வகையும் வளைவும் மூளையின் நலத்தைக் காட்டுவன என்றும், மூன்று முதல் ஐந்து மாதத்தில் தோன்றவேண்டிய சிறு துறுதுறுப்பான அசைவுகள் அறவே இல்லாவிடின் மூளை முடக்குவாதம் பின்னர் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்றும் அவர் வழிவந்தோர் நிறுவினர். கருவியோ ஊசியோ வேண்டாத, பயிற்சி பெற்ற கண் மட்டுமே வேண்டிய சோதனை அது.

இவ்வளவு சொன்ன பின்னர், ஆர்வம் சான்றை மீறிய இடத்தையும் குறிப்பிடுவதே நேர்மை. நாக்கை நீட்டும் பெரியவரைக் கண்டு பச்சிளங்குழந்தையும் நாக்கை நீட்டுகிறது என்று ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் கீத் மூரும் 1977இல் அறிவித்தது உலகெங்கும் பேசப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2016இல் வெளியான விரிந்த ஆய்வில், பாவனைக்குச் சான்று கிட்டவில்லை. கிளர்ச்சியூட்டும் எதைக் கண்டாலும் குழந்தை நாக்கை நீட்டக்கூடும் என்ற ஐயம் வலுப்பட்டது. வாதம் ஓயவில்லை. பச்சிளங்குழந்தையின் அறிதிறனுக்கு அந்த ஒரு சான்று இன்றியமையாததும் அன்று. குரலும் மணமும் கையசைவும் தரும் சான்றே போதியது.

குழந்தையின் மறுமொழியைக் கேளாமல் விட்டதன் மிகக் கொடிய விளைவு வலியைப் பற்றியது. 1980களின் நடுப்பகுதி வரை, வளர்ந்த மருத்துவ வசதியுள்ள நாடுகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைகள் பல, தசையை அசைவறச் செய்யும் மருந்தோடும் நைட்ரஸ் ஆக்சைடோடும் மட்டுமே செய்யப்பட்டன. போதிய வலிநீக்க மருந்து தரப்படவில்லை. பச்சிளங்குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை முழுமையாக உருவாகவில்லை, ஆகவே வலி மூளையை எட்டாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. வளர்ந்தவரிடத்தும் மந்தமான, நீடித்த வலியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் உறையற்றவையே என்பதை அக்காரணம் கூறியோர் கருதிப் பார்க்கவில்லை. உறை இல்லாமை செய்தியைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது.

இந்தூரில் மருத்துவம் பயின்று ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அறுவைக்குப் பின் திரும்பும் குழந்தைகளின் உடல்நிலை சீர்குலைவதற்குக் காரணம் தேடினார். வினாவை அவர் குழந்தையின் குருதியிடம் கேட்டார். இதயத்தை ஒட்டிய குருதிக்குழாய் ஒன்றை மூடும் அறுவைக்கு உட்பட்ட குறைமாதக் குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்னும் வலிநீக்கி கூடுதலாகத் தரப்பட்டது; அது தரப்படாத குழந்தைகளின் குருதியில் அட்ரினலின் போன்ற நெருக்கடிச் சுரப்புகள் பெருமளவு உயர்ந்திருந்தன, அறுவைக்குப் பின் சிக்கல்களும் மிகுந்தன. 1987இல் வெளியான இம்முடிவுகளுக்குப் பின்னரே மருத்துவ அமைப்புகள் வழக்கத்தை மாற்றின. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் 2015இல் வெளிவந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வு, வலியின்போது வளர்ந்தவர் மூளையில் செயற்படும் 20 பகுதிகளுள் 18 பகுதிகள் பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட குழந்தையிடமும் செயற்படுவதைக் காட்டியது. இத்தனை சான்றுக்குப் பின்னும், குழந்தைக்கு வலிக்காது, வலித்தாலும் நினைவிருக்காது என்று சொல்லிக் குத்தும் கைகள் உள்ளன என்பது வருந்தத்தக்கது.

வலிக்கு மருந்து எப்போதும் புட்டியில்தான் வரவேண்டும் என்பதில்லை. குருதிச் சோதனைக்காகக் குதிகாலில் குத்தும்போது தாய்ப்பால் அருந்திக்கொண்டோ தாயின் மார்போடு தோல் ஒட்டியோ இருக்கும் குழந்தையிடம் வலியின் அறிகுறிகள் குறைவதைப் பல ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. தோலோடு தோல் அணைப்பதையே சிகிச்சையாக்கியவர், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த எட்கர் ரே. 1970களின் இறுதியில் அவர் தொடங்கிய இந்தக் கங்காரு முறையை, எடை குறைந்த குழந்தைகளுக்கு உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கினால் என்னாகும் என்று உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் சோதித்தது. 2021இல் வெளியான முடிவின்படி, முதல் 28 நாள்களில் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியாவில் அச்சோதனை புதுதில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. அங்குப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு படுக்கை போடவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டின் மருத்துவமனைகள் செய்யத்தக்கதும் இதுவே: நோயுற்ற குழந்தையிருக்கும் அறையில் தாய்க்கு இடம் ஒதுக்குதல், குத்தும் ஊசிக்கு முன் தாயை அழைத்தல், முதல் மணிநேரத்தில் எடைக்கருவியைக் காத்திருக்கச் செய்தல். குடும்பத்தார் கேட்டுப் பெறவேண்டியது ஒன்றும் உண்டு. ஒலி கேட்கும்போது நலமான உட்செவி தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்ததன் பயனாக, உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செவித்திறனைச் சோதிக்க முடிகிறது. முதல் மாதத்துக்குள் இச்சோதனையும், குறையிருப்பின் மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் அமைந்தால், செவித்திறன் குன்றிய குழந்தையும் மொழியைக் காலத்தில் பெறும். மகப்பேறு முடிந்து வீடு திரும்புமுன், குழந்தையின் செவி சோதிக்கப்பட்டதா என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டும். இல்லை என்றால் சோதிக்கச் சொல்ல வேண்டும்.